ஊம் இல்லாத இடம்

நூலக்கா யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் நலம் விசாரிப்பதில்லை. நேரே சமையலறைக்குப் போகிறார். ஃபிரிட்ஜின் சுவிட்சை அணைக்கிறார். கதவைத் திறந்து, தன் கடைச் சாவிக்கொத்தை உள்ளே வைத்து மூடுகிறார். பிறகுதான் செருப்பைக் கழற்றவில்லை என்பது நினைவுக்கு வந்து, திரும்பி வாசலுக்கு வருகிறார். என் வீட்டில் இது நடந்தபோது என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. "யாருங்க இவங்க? பால் பாத்திரத்துக்குப் பக்கத்துல சாவியை வெச்சிட்டுப் போறாங்க?" என்று என் காதருகே வந்து கேட்டாள்.

சாவிக்குக் காரணம் இருக்கிறது. "அணைச்சதைத் திரும்பப் போட மறந்துடும்ல? ஒரு வீட்டுல மூணு லிட்டர் பால் திரிஞ்சு, அந்தம்மா என்னைத் திட்டித் தீர்த்துட்டாங்க. அப்புறம்தான் இந்த யோசனை. சாவி உள்ள இருந்தா அதை எடுக்கத் திறக்கணும். திறந்தா லைட் எரியாது. எரியலேன்னா ஞாபகம் வந்துடும்." பதினொரு வருடமாக இதுதான் வழக்கம். அதற்குப் பிறகு ஒரு வீட்டிலும் பால் திரியவில்லை.

ஃபிரிட்ஜின் மேல் அவருக்குத் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. அவருக்குப் பகை ஊம் என்கிற சத்தத்தோடுதான். மின்சாரம் ஓடுகிற எந்த இடத்திலும் அடியில் ஒரு ஊம் இருக்கிறது. நமக்கு அது கேட்பதில்லை, பழகிவிட்டது. அவருக்குக் கேட்கிறது. பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று விரலைத் தூக்கி "உஷ்" என்பார். நாம் வாயை மூடியதும், பக்கத்து அறையில் எதையோ சார்ஜ் போட்டிருக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுவார். தலைவர் பதவிக்கு நிற்க வேண்டியவர் என்று அவருடைய கணவர் சொல்வார். இத்தனை பேரை ஒரே விரலில் அடக்க வேறு யாரால் முடிகிறது?

கணவருக்கு மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன தண்ணீர்ப் பம்புகள், மின்விசிறிகள், மாவு அரைக்கும் மோட்டார்கள் வாசலில் வரிசையாகக் கிடக்கும். நான் அவர் மனைவியை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்ததால் அவர் எனக்கு அத்தான் ஆனார். அத்தான் ஆன கையோடு என்னைக் கேலி செய்யும் உரிமையையும் எடுத்துக்கொண்டார். கடையின் முன்பக்கம் முழுவதும் அவருடையது. பின்பக்கம், ஒரு தடுப்புக்கு அந்தப்புறம், ஒரு மேசையும் பூதக்கண்ணாடி விளக்கும் கையால் சுற்றும் ஒரு சிறு எந்திரமும் இருக்கின்றன. அது நூலக்காவின் ராஜ்ஜியம். அங்கே மின்விசிறி கிடையாது. வியர்வையைத் துடைக்க ஒரு துண்டு உண்டு.

முதல் நாள் அவர் வேலை செய்வதைப் பார்த்தபோது, வெறும் கையால் காற்றைச் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்தேன். விளக்கைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் செம்புக் கம்பி ஒரு கோடாக மின்னியது. தலைமுடியை விட மெல்லியது. பெயர்க்காரணமும் அப்போதுதான் புரிந்தது. "பார்த்தீங்களா மாப்ளே," என்றார் அத்தான் முன்பக்கத்திலிருந்து. "ஊரெல்லாம் இரும்பை வித்துப் பொழைக்குது. நாங்க காத்தைச் சுத்தி வித்துப் பொழைக்கிறோம்."

நூலக்கா சுற்றுவது இசைத்தட்டுக்கான சின்ன டிரான்ஸ்ஃபார்மர். தட்டின் பள்ளத்தில் ஊசி ஓடும்போது அது அதிரும். அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றுவது ஊசிக்கு மேலே இருக்கும் கார்ட்ரிட்ஜ். அதில் ஒரு ஜாதி இருக்கிறது. ஊசியோடு சேர்ந்து ஆடுவது கடுகளவு கம்பிச்சுருள் ஒன்று. நுட்பத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சுருள் எவ்வளவு சிறியதோ அவ்வளவு குறைவான மின்சாரம்தான் வரும். சுவர்க் கடிகாரத்தில் போடுகிறோமே பேட்டரி, அதன் பலத்தில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு. அதை அப்படியே ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தால், பாடகர் கிணற்றுக்குள் இருந்து பாடுவார், கிணற்று மேட்டில் ஊம் உட்கார்ந்திருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் மைத்துனன் அப்படியொரு கார்ட்ரிட்ஜைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனதில் நானே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இரண்டுக்கும் நடுவில் நூலக்காவின் டிரான்ஸ்ஃபார்மர் வருகிறது. ஒரு இரும்புத் துண்டின் மேல் இரண்டு சுருள்கள். முதல் சுருளில் நூறு சுற்று, இரண்டாவதில் ஆயிரம் என்றால், நுழைந்தது பத்து மடங்காக வெளியே வரும். அதற்குத் தனியாக மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், சுவிட்ச்கூட இல்லை. நான் படிப்பில் எவ்வளவு மட்டம் என்பது ஊரறிந்தது. ஆனாலும் எதையும் குடிக்காமல் ஒன்றைப் பத்தாக்கும் அந்தத் தீப்பெட்டி அளவுச் சாமானைக் கையில் வாங்கியபோது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

பயம் தெளிந்ததும் ஆசை வந்தது. பத்து எதற்கு, முப்பது மடங்காகச் சுற்றிக் கொடுங்கள் என்றேன். நூலக்கா மறுக்கவில்லை. சுற்றிக் கொடுத்தார். "ஒரு வாரம் கேட்டுட்டு வாங்க" என்றார். கேட்டேன். சத்தம் கூடியிருந்தது, ஆனால் பாடகர் தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டு பாடினார். மூன்றாம் நாளே திரும்பிப் போய் நின்றேன். "ஒல்லிப் பையன் தலையில முப்பது கிலோ மூட்டையை வெச்சா நடப்பான். பாடச் சொன்னா பாடுவானா?" என்று கேட்டுவிட்டு இழுப்பறையைத் திறந்தார். பத்து மடங்குக்காரன் முன்பே சுற்றித் தயாராக இருந்தான். மேலே ஒட்டியிருந்த தாளில் 'அவசரக்காரர்' என்று எழுதியிருந்தது.

கம்பி அறுந்தால் அவர் திட்டுவதில்லை. எழுந்து முன்பக்கம் போய், ஏதாவது ஒரு பம்பு மோட்டாரின் போல்ட்டை இரண்டு கையாலும் முறுக்கிவிட்டு வருவார். "சின்னதுல தோத்தா பெருசுல போய்க் கையை ஆத்திக்கணும்." தொள்ளாயிரத்து எண்பதாவது சுற்றில் அறுந்தாலும் இதேதான். பிறகு ஒன்றிலிருந்து ஆரம்பம்.

எனக்கு அவரிடம் விளங்காத ஒரு விஷயம் உண்டு. அவர் பாட்டுக் கேட்பதில்லை. வாடிக்கையாளர் வீட்டில் டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்தி, தட்டைச் சுழலவிட்டு, ஊசி இறங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். பாட்டு தொடங்குவதற்கு முன் நாலைந்து நொடி வெறுமை இருக்கும் அல்லவா, அதைக் கேட்பார். அதில் ஊம் இல்லை என்றால் முகம் தெளியும். பாட்டு தொடங்கியதும் எழுந்து ஸ்பேனர்களைப் பைக்குள் போட ஆரம்பித்துவிடுவார். ஏன் அக்கா என்று கேட்டால், "பாட்டு நல்லாத்தான் இருக்கும். அது பாடினவங்க பாடு. அதுக்கு முன்னாடி இருக்கிற இடம்தான் என் பாடு" என்பார். இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் சாப்பாட்டுக்கு முன்னால் இலையைத் துடைப்பதோடு எழுந்துவிடுகிறாரே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

சென்ற மாதம் ஒரு நாள் அவரால் எழுந்து போக முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நூலகத்தின் மூன்றாவது மாடியில் இசைத்தட்டு அறை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் நூலகர் எனக்குப் பழக்கம். அவரிடம் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் ஒரு தட்டைக் கொண்டுவந்திருந்தார். டீச்சருக்குப் பேச்சு கிடையாது. பதினான்கு வருடத்துக்கு முன் தொண்டையில் நோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் மூச்சு. அதன் மேல் எப்போதும் ஒரு மெல்லிய துணி. சொல்ல வேண்டியதைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் எழுதிக் காட்டுவார். ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து, எழுத்தெல்லாம் முத்து.

பத்தொன்பது வயதில் ஒரு ஒலிப்பதிவுக்கூடத்தில் பாடகர் தேர்வுக்குப் போயிருக்கிறார். தேர்வாகவில்லை. போகும்போது, அவர் பாடியதைப் பதிந்த தட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் மேடையேறவில்லை, முப்பது வருடம் பின்னம் சொல்லிக்கொடுத்தார். தட்டு அலமாரியின் அடியில் கிடந்தது. கடையில் வாங்குகிற தட்டு போன்றதல்ல அது. அலுமினியத்தின் மேல் கருப்பாக ஒரு பூச்சு, அந்தப் பூச்சில்தான் குரல். இப்போது பூச்சு வெயிலில் காய்ந்த வண்ணம் போல வெடித்துக் கிடந்தது. "ஊசி போகப் போக பின்னாடியே உரிஞ்சிடும்," என்றார் நூலகர். "ஒரு தடவை ஓட்டலாம். ஓட்டும்போதே கம்ப்யூட்டர்ல பதிஞ்சுக்கலாம். ரெண்டாவது தடவை கேட்டா என்கிட்ட இல்ல." போதாததற்கு, அன்று டீச்சர் பயந்துபோய் மைக்கை விட்டுத் தள்ளி நின்று பாடியிருக்கிறார். பள்ளத்தில் குரல் இருப்பதே மெலிசாக. மிருதுவாக ஓடக்கூடிய ஊசி ஒன்று நூலகரிடம் இருந்தது. அது அந்தக் கடுகுச்சுருள் ஜாதி, அதிலிருந்து வருவதும் மெலிசு. லேசாக ஊம் எழுந்தாலே குரல் முழுகிவிடும்.

நான்தான் நூலக்காவை அழைத்துப் போனேன். டீச்சர் நோட்டைத் திறந்து காட்டினார். 'என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கே மறந்துவிட்டது. ஒரு முறை கேட்டால் போதும்.' நூலக்கா அதை இரண்டு தடவை படித்தார். "எவ்வளவு நேரம் டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். டீச்சர் மூன்று விரலைக் காட்டினார். அந்த மூன்று நிமிடத்துக்காக நூலக்கா மூன்று வாரம் சுற்றினார். நான்கு தடவை அறுந்தது. அந்த மாதத்தில் கடையில் எல்லா மோட்டார்களின் போல்ட்டுகளும் இறுக்கமாக இருந்தன என்று அத்தான் பிறகு சொன்னார்.

குறித்த நாள் மதியம் எல்லோரும் மூன்றாவது மாடியில் கூடினோம். துணைக்கு அத்தானும் வந்திருந்தார். நூலகர் அறையில் தண்ணீர்ப் பாட்டில் வைக்க ஒரு குட்டி ஃபிரிட்ஜ் இருந்தது. சுவிட்ச் அணைந்தது, சாவி உள்ளே போனது. முதலில் வேறொரு தட்டைப் போட்டுச் சோதித்தார்கள். எனக்கு நன்றாகத்தான் கேட்டது. நூலக்கா கண்ணைத் திறந்து, "கீழ் சத்தம் எங்க போச்சு? வயிறே இல்லையே" என்றார். மூன்று முறை இணைப்பைக் கழற்றி மாட்டினார். பிறகு மெல்லத் திரும்பி கணவரைப் பார்த்தார்.

"என்னங்க, மீட்டர் வெச்சீங்களா?"

"வெச்சேன்," என்றார் அத்தான். "காலையில கிளம்பறதுக்கு முன்னாடி. கம்பி அறுந்திருக்கான்னு பார்க்க வேணாமா? இருபத்தாறு வருஷத்துல மீட்டர் வைக்காம ஒரு சுருள்கூட என் கடையை விட்டு வெளிய போனதில்ல."

"டப்பா மேல 'மீட்டர் வைக்கக் கூடாது'ன்னு எழுதி ஒட்டியிருந்தேனே."

"அது கஸ்டமருக்குன்னு நினைச்சேன்."

மோட்டார்க்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு இது. மீட்டருக்குள் ஒரு பேட்டரி இருக்கிறது. அளக்கும்போது அதிலிருந்து கொஞ்சம் மின்சாரம் சுருளுக்குள் போய், உள்ளே இருக்கும் இரும்பில் காந்தம் ஏறிவிடும். பம்பு மோட்டாருக்கு அது கொசுக்கடி. இதற்குப் பக்கவாதம். அத்தானின் முகம் சுண்டிப்போயிற்று. மூலையில் உட்கார்ந்திருந்த டீச்சர், நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, நோட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். 'வேண்டாம்' என்ற பதிலைக் கேட்டுப் பழகியவர்கள் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள்.

நூலக்கா கோபப்படவில்லை. பையிலிருந்து வானொலி அளவில் ஒரு பெட்டியை எடுத்து, டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்தார். அதிலிருந்து ஒரே சீராக அலையும் மின்சாரம் வரும். முதலில் பலமாகக் கொடுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றுமில்லாத அளவுக்கு இறக்கினால் காந்தம் கரைந்துவிடும். நடுவில் கை ஒரு துளி பதறினாலும் முதலிலிருந்துதான். குமிழைத் தானே பிடிப்பார் என்று நினைத்தேன். கணவரிடம் நீட்டினார்.

"நீங்களே இறக்குங்க. உங்க கைதான் நடுங்காது."

மூட்டை மூட்டையாக மோட்டாரைத் தூக்கிய அந்தக் கை, ஒரு குமிழை ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டு இறக்கியது. கடிகார முள்ளைப் பார்ப்பது போலத்தான். நகர்வது தெரியவில்லை, நகர்ந்திருந்தது. மறுபடியும் சோதனைத் தட்டு ஓடியது. "வயிறு வந்துடுச்சு" என்றார் நூலக்கா. டீச்சர் நோட்டை வெளியே எடுத்தார்.

அதற்குப் பிறகு இன்னொரு சிக்கல். சுவருக்குப் பின்னால் கட்டடம் முழுவதற்குமான மின்பலகை இருந்தது, ஊம் அங்கிருந்து வந்தது. அதை அணைத்தால் எங்கள் எந்திரமும் நின்றுவிடும். நூலக்கா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, டிரான்ஸ்ஃபார்மரை ஒரு துணியில் ஏந்தி, தூங்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பது போல அறைக்குள் கம்பி எட்டும் தூரம் வரை நடந்தார். உயர்த்தினார், தாழ்த்தினார், சாய்த்தார். காந்த அலைக்கு ஒரு திசை உண்டாம். சுருளை அதற்குக் குறுக்கே சரியாகத் திருப்பிவிட்டால் ஊம் நுழைய வழியில்லை. தோள் உயரத்தில், முன்னால் சாய்த்து, கொஞ்சம் இடது பக்கம் திருப்பிய ஓரிடத்தில் அவர் முகம் தெளிந்தது. நூலகர் தடித்தடியான புத்தகங்களை அடுக்கி, மேலே அட்டையைச் சொருகி, அதில் சாய்த்து வைத்தார். ஒரு நிமிடம் சரியாக இருந்தது. பிறகு அடுக்கு லேசாக இறங்கியது, ஊம் வந்தது. இரண்டு தடவை அடுக்கியும் இதே கதைதான்.

"புத்தகம் அமுங்குது," என்றார் நூலக்கா. "என் கை அமுங்காது."

டிரான்ஸ்ஃபார்மரை வலது கையில் எடுத்து, அந்த இடத்தில், அந்தச் சாய்வில் நிறுத்தினார். கம்பி ஆடினால் அதுவும் சத்தமாகிவிடும் என்பதால் மூச்சைச் சின்னதாக்கிக்கொண்டார். இடது கையால் "உஷ்" என்று விரலைக் காட்டினார். நூலகர் டீச்சரின் தட்டில் ஊசியை இறக்கினார்.

சருகு மிதிபடுவது போலக் கொஞ்ச நேரம். அப்புறம் வெறுமை. அப்படியொரு வெறுமையை நான் கேட்டதில்லை. ஒரு பழைய அறை, அதன் நீள அகலத்தோடு எங்கள் அறைக்குள் வந்து நின்றது. அதில் எங்கோ தள்ளி, ஒரு பெண்ணின் குரல், "இப்ப பாடலாமா சார்?" என்றது. யாரோ ஏதோ முனகினார்கள். பிறகு அந்தப் பெண் மூச்சு இழுத்தாள். மூக்கு வழியாக, நெஞ்சு நிறைய, பயத்தில் நடுவே ஒரு சின்னத் தடங்கலோடு. அது முழுசாகக் கேட்டது. பாட்டு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

டீச்சரின் கை கழுத்துத் துணிக்குப் போனது. தட்டில் ஊசிக்குப் பின்னால் கருப்புப் பூச்சு சுருண்டு சுருண்டு உரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பாட்டோடு அவர் உதடுகள் அசைந்தன, ஒரு சொல்கூடப் பிசகவில்லை. அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அதை எழுத எனக்கு வெட்கமில்லை. நல்ல குரலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நூலக்கா ஒருவர்தான் அசையவில்லை. அசைய முடியாது. பதினொரு வருடத்தில் முதல் முறையாக ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை நின்று கேட்டார்.

ஊசி தூக்கப்பட்டது. நூலகர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இருக்கு, எல்லாம் இருக்கு" என்றார். அத்தான், "போதும்மா, கையை இறக்கு" என்றார். கை இறங்கவில்லை. டீச்சர் நோட்டில் ஒரு வரி எழுதி, நூலக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தார். நான் எட்டிப் பார்த்தேன். பாட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. 'என் மூச்சு கேட்டது' என்றுதான் இருந்தது. பிறகு அவரே நூலக்காவின் முழங்கையைப் பிடித்து, குழந்தைக்குச் சட்டை மாட்டுவது போல, மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்.

நாங்கள் மூவரும் திரும்பினோம். கடை வாசலுக்கு வந்ததும் ஷட்டருக்கு முன்னால் குனிந்த அத்தான், "சாவி குடு" என்று கையை நீட்டினார். நூலக்கா பைக்குள் தேடினார். தேடிக்கொண்டிருந்த கை நின்றது. மூன்றாவது மாடியில், அணைத்துப்போட்ட ஃபிரிட்ஜுக்குள், தண்ணீர்ப் பாட்டில்களுக்கு நடுவில் இருந்தது சாவி.

கேலிக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அத்தானுக்கு இனி வாய்க்காது. ஆனால் அவர், "உக்காரு, நான் போய் எடுத்துட்டு வர்றேன். ஃபிரிட்ஜையும் போட்டுட்டு வர்றேன்" என்று வந்த வழியே நடந்தார். நூலக்கா படியில் உட்கார்ந்தார். தெருவில் ஒரு லாரி உறுமிக்கொண்டு பின்வாங்கியது, எதிர்க்கடையில் எதையோ அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் யாரையும் உஷ் என்று சொல்லவில்லை. மடியிலிருந்து வலது கையை எடுத்து, வெறும் கையை, தோள் உயரத்துக்கு உயர்த்தி, முன்னால் சாய்த்து, கொஞ்சம் இடது பக்கம் திருப்பி, அப்படியே வைத்துக்கொண்டார்.